அம்மாவின் இடுப்பு மூட்டு: வழக்குப் போட வழி உண்டா?

கேள்வி (தக்கலை):
2021-ல் அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாற்றினோம். போன மாதம் அது தளர்ந்துவிட்டது என்று மறுபடி அறுத்தார்கள். ரப்பர் வெட்டிச் சேர்த்த 2.8 லட்சம் போய்விட்டது. கழற்றிய செயற்கை மூட்டை ஆஸ்பத்திரியில் கேட்டேன், தரவில்லை. அம்மா வலியில் அழுவதைப் பார்க்க முடியவில்லை.

பதில்:
தம்பி, முதலில் அந்தச் செயற்கை மூட்டை அழிக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரிக்கு ஸ்பீட் போஸ்ட்டில் கடிதம் அனுப்புங்கள். அதுதான் சாட்சி. கேஸ் ஷீட்டையும் (சிகிச்சைப் பதிவு) எழுதிக் கேளுங்கள்; 72 மணி நேரத்தில் தர வேண்டும். மூட்டின் லாட் எண் (எந்தத் தொகுப்பில் தயாரானது என்ற எண்) ஸ்டிக்கர் அதில் இருக்கிறதா பாருங்கள்.

பதில்:
நாகர்கோவில் நுகர்வோர் ஆணையத்தில் போடலாம். 2019 நுகர்வோர் சட்டப்படி மூட்டைத் தயாரித்தவரையும் சேர்க்கலாம். 2 ஆண்டு கெடு. கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் இல்லை. ஆனால் தளர்ந்ததாலேயே மூட்டில் பழுது என்று ஆகாது, வேறு எலும்பு டாக்டரின் அறிக்கை வேண்டும்.

கேட்டவர்:
சரி அண்ணே, நாளைக்கே தபால் போடுகிறேன்.