பழைய டூரிங் வண்டிக்குச் சைடு வீலா, வேறு வாங்குவதா? ஓட்டினவர்கள் சொல்லுங்கள்

பாளையங்கோட்டைக்காரன்:

பழைய டூரிங் பைக்கில் (தூரம் போகிற பெரிய வண்டி) சைடு வீல், அதாவது பின் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சக்கரம், வைக்கலாமா, இல்லை அதைத் தள்ளிவிட்டு வேறு வாங்கலாமா என்று அண்ணாச்சி ஒருவர் கேட்டிருந்தார். வைத்து ஓட்டிக்கொண்டிருப்பவன் என்பதால் நானே ஆரம்பிக்கிறேன். என்னுடையது பழைய தண்டர்பேர்டு 350. இடுப்பு எலும்பு முறிந்து பிளேட் வைத்த பிறகு கியர் போடுவதிலோ பிரேக் மிதிப்பதிலோ சிரமம் இல்லை, வண்ணார்பேட்டையில் சிக்னல் விழுந்து நிற்கும்போது வண்டியின் பாரத்தைக் காலில் தாங்கத்தான் முடியவில்லை. விற்க மனசு வரவில்லை என்று கதை விட மாட்டேன். விற்றால் கிடைக்கிற காசு அவ்வளவு குறைவு, அதுதான் விஷயம்.

புதுசா வாங்கு என்று சொல்வது சுலபம். ஹார்லிக்காரன் 2009 மாடலாக இறக்கிய மூன்று சக்கர ட்ரை கிளைடு, கனடாவிலிருந்து வரும் கேன்-ஆம் ஸ்பைடர் (அதில் இரண்டு சக்கரம் முன்னால் இருக்கும்) எல்லாம் வீடியோவில் பார்க்க ஜோர்தான். ட்ரை கிளைடு 500 கிலோவுக்கு மேல் எடை. இறக்குமதி வரியும் கட்டி அதைக் கொண்டுவந்து எங்கள் தெருவுக்குள் எப்படித் திருப்புவது? அதனால் என்னைப் போன்றவனுக்கு இருக்கிற வழி இரண்டுதான்: கையில் இருக்கிற பைக்கில் சைடு வீல், இல்லாவிட்டால் ஸ்கூட்டர் வாங்கி அதில் சைடு வீல்.

முதலில் சட்டம். ஆசைக்காகக் கூடுதல் சக்கரம் வைப்பது நடக்காது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு இருக்கிறது, கம்பெனி கொடுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. உடல் குறைபாடு உள்ளவர் ஓட்டுவதற்காக மாற்றுவதற்கு அதே 52-வது பிரிவில் இடம் உண்டு. மாற்றினால் 14 நாளுக்குள் ஆர்டிஓ ஆபீஸில் தெரிவித்து ஆர்சி புக்கில் ஏற்ற வேண்டும், இன்சூரன்ஸுக்கும் எழுதிக் கொடுக்க வேண்டும். நம் ஆட்கள் பலர் இன்சூரன்ஸை விட்டுவிடுகிறார்கள். அடிபட்டால் கிளெய்ம் போடும்போது முதலில் கிளறுவது அதைத்தான்.

அப்புறம் வண்டி. சைடு வீலின் பாரம் எல்லாம் பின்பக்கச் சேஸிஸில் (வண்டியின் இரும்புச் சட்டம்) வந்து விழும். லேத் பட்டறையில் மேஸ்திரி அளவெடுப்பதற்கு முன்னால் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து வெல்டிங் இடங்களில் சுரண்டிக்கொண்டே வந்தார். ஓர் இடத்தில் பெயின்ட் தகடு மாதிரி உரிந்தது, உள்ளே துரு. "இதச் சரி பண்ணாம சக்கரத்த மாட்டினா பணகுடி தாண்ட மாட்டீரு வே" என்றார். சைடு வீல் கிட்டுக்கு (சக்கரமும் அதைப் பொருத்துகிற சாமானும்) ஆன செலவைவிடச் சேஸிஸ் வேலை, ஷாக் அப்சார்பர், செயின் செட், பேரிங் என்று பழைய வண்டியைத் தேற்றுவதற்கு ஆனதுதான் அதிகம். மாற்றுவதா வாங்குவதா என்று கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் கிட் விலையை மட்டும் போடுகிறார்கள். கணக்கு உதைப்பது அங்கேதான்.

ஓட்டும்போது என்ன வித்தியாசம்? இரண்டு சக்கரத்தில் வளைவு வந்தால் வண்டியைச் சாய்ப்போம். இது சாயாது. ஹேண்டிலைத் திருப்பித்தான் வளைக்க வேண்டும், வண்டி உங்களை வெளிப்பக்கமாகத் தள்ளும், உடம்பை நீங்கள்தான் உள்பக்கம் கொண்டுபோக வேண்டும். வேகமாகப் போனால் உள்பக்கச் சக்கரம் தரையை விட்டு எழும்பும். புளியரை எஸ் வளைவில் கீழே இறங்கிப் பாருங்கள், புரிந்துவிடும். ஆட்டோ ஓட்டிப் பழகினவர்களுக்கு இது ஒன்றுமே இல்லை. புல்லட்டிலேயே வளர்ந்தவனுக்குத்தான் கை சொன்னபடி கேட்காது. அதைவிட மோசம் கால். நிற்கப் போகிறோம் என்றாலே கால் தானாக இறங்கும், அதற்குச் சரியாகப் பின்னால் சைடு வீல் உருண்டு வந்துகொண்டிருக்கும். பாதத்தில் ஏறிவிடும். கால் ஃபுட்ரெஸ்டிலேயே இருக்கட்டும், வண்டி விழாது.

இன்னொன்று யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சைடு வீல் வைத்தாலும் எஞ்சின் இழுப்பது நடுவில் இருக்கிற பழைய பின் சக்கரத்தைத்தான். பக்கத்துச் சக்கரம் இரண்டும் மேட்டில் நின்று நடுச்சக்கரம் பள்ளத்துக்கு மேல் வந்துவிட்டால் அது அந்தரத்தில் சும்மா சுற்றும், வண்டி நகராது. வீட்டு வாசல் சரிவில் எனக்கு நடக்கும். பக்கச் சக்கரத்துக்குத் தனி ஸ்பிரிங் உள்ள கிட் என்றால் இந்தத் தொல்லை குறைவு, கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் அதையே வாங்குங்கள். குழிக்கும் அப்படித்தான். பைக்கில் ஒரு தடத்தைத் தப்பிக்க வைத்தால் போதும், இதில் மூன்று தடம். முன் சக்கரம் விலகும், ஒரு பின் சக்கரம் போய் விழும்.

நல்லதையும் சொல்லணும். ஆடி மாதம் காவல்கிணறு பக்கம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று பைக்கை எப்படிப் பிடித்துத் தள்ளும் என்று தெரியும்தானே, இப்போது அங்கே பயம் இல்லாமல் போகிறேன். நாங்குநேரி டோலில் ஓரத்துப் பைக் சந்துக்குள் மட்டும் நுழையாது, கார் வரிசையில்தான் போக வேண்டும், காசு கேட்பதில்லை.

அம்பை:

எங்கள் மச்சான் ஹூஸ்டனில் இருக்கிறார். ஹோண்டா கோல்டு விங், பழைய ஆறு சிலிண்டர் 1500. அங்கே உடல் குறைபாடு இருந்தால்தான் என்றில்லை, வயதானவர்கள் சாதாரணமாக மாற்றிக்கொள்கிறார்கள். அவர்கள் செய்வது நம் சைடு வீல் கிடையாது. பின் சக்கரத்தையும் அதைப் பிடித்திருக்கிற ஸ்விங் ஆர்மையும் கழற்றிவிட்டு டிஃபரன்ஷியலோடு முழு ஆக்ஸிலையே வைக்கிறார்கள். கோல்டு விங்கில் செயின் கிடையாது, பின் சக்கரத்தைச் சுற்றுவது ஷாஃப்ட் (சுழலும் தண்டு), அதனால் டிஃபரன்ஷியலை நேராகக் கோத்துவிடலாம். வளைவில் உள்சக்கரம் மெதுவாகவும் வெளிச்சக்கரம் வேகமாகவும் சுற்ற டிஃபரன்ஷியல் வேண்டும். உங்கள் அந்தரத்துச் சக்கரத் தொல்லையும் அதில் இல்லை.

ஹேண்டில்தான் அவரைப் படுத்தியிருக்கிறது. சாயாத வண்டியைக் கையால் மட்டும் வளைத்து நாள் முழுக்க ஓட்டினால் தோள்பட்டை கழன்றுவிடும் என்றார். முன் ஃபோர்க்கைப் பிடித்திருக்கிற கிளாம்பை மாற்றி ஃபோர்க்கின் சாய்வைக் கூட்டினால் ஹேண்டில் லேசாகும், அதற்கென்றே தனிக் கிட் விற்கிறது. முதலில் காசை மிச்சம் பிடித்து அதை விட்டிருக்கிறார், பிறகு போட்டார்.

அவர் சொன்ன ஒரு கணக்கு எனக்குப் பிடித்தது. மாற்றுவதற்குப் போட்ட பணம் விற்கும்போது திரும்ப வராது. அதனால் வேறொருவர் மாற்றி வைத்திருக்கிற பழைய வண்டியை வாங்குகிறவனுக்குத்தான் லாபம். மாற்றினவர் நஷ்டத்தை ஏற்கனவே தாங்கிவிட்டார் அல்லவா!

வள்ளியூர்:

மாற்றின பழைய வண்டியை வாங்குவது அமெரிக்காவுக்குச் சரி அண்ணாச்சி. இங்கே சைடு வீல் ஒருத்தர் உடம்புக்குத் தக்கபடி வைப்பது, ஆர்சியிலும் அந்த மாற்றம் ஏறியிருக்கும். உடல் குறைபாடு இல்லாத ஆள் அதை வாங்கி ஓட்டினால் பிரச்சினை வரும். வாங்குவதாக இருந்தால் பேப்பரைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

தென்காசி:

நீங்கள் எல்லாம் 350 சிசி, ஆறு சிலிண்டர் என்று பேசுகிறீர்கள். எங்கள் சித்திக்குப் போலியோ, கால் பாதிப்பு. தமிழக அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இலவசமாகக் கொடுக்கிற இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்தான் ஓட்டுகிறார். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்து வாங்கியது. கியர் கிடையாது, கிளட்ச் கிடையாது, பிரேக் இரண்டும் கையில். ஊன்றுகோலைப் பக்கத்தில் செருகிக்கொண்டு மார்க்கெட், பேங்க், குற்றாலம் வரை தனியாகப் போய் வருகிறார். டவுனுக்குள் இடுப்பு வலியோடு கிளட்ச் பிடித்துக்கொண்டு பழைய பைக்கை ஓட்டுவதில் என்ன சுகம் என்று எனக்குப் புரியவில்லை, கோபிக்க வேண்டாம்.

பாளையங்கோட்டைக்காரன்:

கோபம் எல்லாம் இல்லை, டவுனுக்குள் மட்டும் ஓட்டுவதென்றால் ஸ்கூட்டர்தான், நானும் அதைத்தான் சொல்வேன். நான் கன்னியாகுமரி, மதுரை என்று கிளம்புகிறவன், சின்னச் சக்கரத்தில் அவ்வளவு தூரம் உட்கார முடியாது. சேஸிஸ் நன்றாக இருந்தால் மாற்றுங்கள், துரு ஆழமாக இருந்தால் அந்த வண்டியை விட்டுவிடுங்கள். அதற்கு மேல் யோசிக்க ஒன்றும் இல்லை.

வள்ளியூர்:

ரிவர்ஸ்?

பாளையங்கோட்டைக்காரன்:

என் வண்டியில் இல்லை. முன்பக்கம் சரிவாக நிறுத்திவிட்டால் காலால் உந்திப் பின்னால் எடுக்க முடியாது, ஆள் கூப்பிட வேண்டும். ஸ்கூட்டர்களுக்கு ரிவர்ஸ் கியரோடு வரும் கிட் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சைடு ஸ்டாண்டும் இல்லாததால் மேட்டில் நிறுத்தப் பிரேக்கைப் பூட்டி வைக்கிற ஏற்பாடும் வேண்டும். ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னால் வீட்டு கேட் அகலத்தை அளந்துகொள்ளுங்கள். எங்கள் தெருவில் ஒருவர் வண்டி வந்த பிறகு கேட் தூணை இடித்தார்.