குற்றாலம் சீசன்: இரண்டு மாதம் முன்பே டிக்கெட்டா, தண்ணீர் விழுந்த பிறகா?

சாரல்நேசன் | 15 ஜூலை 2025, காலை 9.10

சென்ற ஆண்டு ஆனி மாதத்துக்கு ரயில், அறை எல்லாவற்றையும் மாதக்கணக்கில் முன்பே முடித்து வைத்தேன். அப்போது 120 நாள் முன்பே டிக்கெட் எடுக்கலாம். நவம்பர் 2024 முதல்தான் அது 60 நாள் ஆனது. போய் நின்றால் மெயினருவியில் பாறைதான் தெரிந்தது. ஐந்தருவியில் நூல் நூலாக ஒழுகியது. விடுதியில் முன்பணத்தைத் திருப்பித் தரவில்லை.

இந்த ஆண்டு எதையும் முன்பதிவு செய்யவில்லை. ஜூலை முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, தென்காசி நண்பர் காலையிலேயே அழைத்து, "நல்ல தண்ணீர், சாரலும் இருக்கிறது" என்றார். மதியம் எழும்பூரில் வைகை எக்ஸ்பிரஸ். கிளம்பும் முன் மிஞ்சிய இடங்களை விற்கும் கரண்ட் புக்கிங்கில் உட்காரும் இருக்கை கிடைத்தது. இரவு மதுரையில் சித்தப்பா வீடு. மறுநாள் காலை முன்பதிவில்லாத செங்கோட்டை ரயில். புதன்கிழமை என்பதால் சனிக்கிழமைக்குச் சொல்லும் வாடகையில் பாதிக்கே அறை கொடுத்தார்கள். அருவி எப்போது விழும் என்று தென்மேற்குப் பருவக்காற்றுக்குத்தான் தெரியும். அதற்கு மே மாதமே டிக்கெட் எடுப்பது வீண் செலவு என்று உறுதியாகச் சொல்கிறேன்.

தாம்பரம் கலா | 15 ஜூலை, காலை 10.25

சகோதரரே, மதுரையில் சித்தப்பா இருப்பது உங்கள் பாக்கியம். எங்கள் வீட்டில் நானும் கணவரும், இரண்டு குழந்தைகள், 71 வயது மாமியார். குழந்தைகளுக்குப் பள்ளி திங்கள் முதல் வெள்ளி வரை. கணவர் விடுப்புக்கு இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை போன் வந்தால் நான் என்ன செய்ய முடியும்?

கடைசி நேரத்தில் கிளம்பியும் பார்த்துவிட்டேன். இரண்டு ஆண்டுக்கு முன் தத்காலில் முயன்றோம். ஐந்து பேரில் மூவருக்குத்தான் இடம் உறுதியானது. வெள்ளிக்கிழமை மாலை ஆம்னி பஸ்ஸில் கேட்ட கட்டணத்தைப் பார்த்து பயணத்தையே கைவிட்டோம். மாமியார் அன்று இரவு முழுக்க, "என்னால்தான் உங்களுக்குச் செலவு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையைக் கேட்டவள் நான். அதன் பிறகு டிக்கெட் திறக்கும் முதல் நாளே பதிவு செய்துவிடுகிறேன்.

பெரம்பூர் பெரியவர் | 15 ஜூலை, மதியம் 12.40

முப்பது ஆண்டுக்கு மேல் முன்பதிவுக் கவுன்ட்டரில் உட்கார்ந்தவன் என்ற உரிமையில், 2025 ஜூலை விதிப்படி சில கணக்குகளைச் சொல்கிறேன்.

காலி இருக்கையை விற்க நாள் நெருங்க நெருங்க விலையைக் குறைப்பது விடுதிக்காரரும் ஆம்னி பஸ்காரரும் செய்கிற வேலை. ரயிலில் கடைசி நேரம் என்றால் தத்கால். அதில் கட்டணம் ஏறும். தூங்கும் வசதிப் பெட்டிக்கு அடிப்படைக் கட்டணத்தில் முப்பது சதவீதம், குறைந்தது 100 ரூபாய், அதிகபட்சம் 200. மூன்றடுக்கு ஏசிக்கும் முப்பது சதவீதம், குறைந்தது 300, அதிகபட்சம் 400. தத்கால் பதிவு பயணத்துக்கு முந்தைய நாள் ஏசிக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும். உறுதியான தத்கால் டிக்கெட்டை ரத்து செய்தால் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது. இந்த மாதம் முதல் தேதியிலிருந்து ஆதாரை இணைத்தவர்கள்தான் இணையத்தில் தத்கால் எடுக்க முடியும். இன்று முதல் ஆதார் ஓடிபியும் வேண்டும்.

கலா அம்மா, உங்கள் ஐந்து பேருக்கு மூன்றடுக்கு ஏசி தத்கால் என்றால் போவதற்கு மட்டும் குறைந்தது 1,500 ரூபாய் கூடுதல். முன்கூட்டியே எடுத்த சாதாரண டிக்கெட்டைக் கிளம்ப 48 மணி நேரத்துக்கு முன் ரத்து செய்தால் ஆளுக்கு 180 ரூபாயும் வரியும் பிடிப்பார்கள். ஐந்து பேருக்கு 900 ரூபாயும் வரியும். அருவி வறண்டு கிடப்பது இரண்டு நாள் முன்பே தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே முன்பதிவு செய்தவரும் மனம் மாறலாம், தத்காலைவிடக் குறைந்த செலவில். தூங்கும் வசதிப் பெட்டியில் மட்டும் ஏறக்குறைய சரிக்குச் சரி: ரத்துக்கு 120, தத்காலுக்குக் குறைந்தது 100.

சாரல்நேசன் | 15 ஜூலை, மதியம் 1.55

ஐயா, கணக்கு சரி. ஆனால் ரத்து செய்த பிறகு? அடுத்த வாரம் தண்ணீர் விழுகிறது என்று தெரிந்தால் சென்னை–செங்கோட்டை பொதிகை ரயிலில் இடம் இருக்குமா? சீசன் நேரத்தில் அது என்றைக்கோ நிரம்பியிருக்கும். ரத்துக்கு ஒரு 900 கொடுத்துவிட்டு அதன் மேல் தத்காலுக்கும் 1,500 கொடுக்க வேண்டியதுதான். நான் தத்காலையே பரிந்துரைக்கவில்லை. பகல் ரயில், இரண்டு துண்டாகப் பயணம், வார நாள் அறை: இவைதான் பணத்தை மிச்சப்படுத்தின.

தாம்பரம் கலா | 15 ஜூலை, மாலை 4.15

மிச்சப்படுத்தியது உங்கள் கையிலிருந்த புதன்கிழமை. அது எங்களிடம் இல்லை. ஒருவர் பையோடு கிளம்புவதற்கும், முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டியை இரண்டு ரயில் மாற்றி அழைத்துப் போவதற்கும் ஒரே அறிவுரையைச் சொல்லாதீர்கள். அதைத்தான் கேட்டுக்கொள்கிறேன். "வீண் செலவு" என்ற சொல் என்னைப் புண்படுத்தியது.

வியாழன் விடுமுறை | 15 ஜூலை, மாலை 6.30

மருத்துவமனையில் சுழற்சிப் பணி எனக்கு. வார விடுமுறை வியாழன். இத்தனை நாள் அதைக் குறையாக நினைத்திருந்தேன். சாரல்நேசன் சொன்ன வழியில் போய்ப் பார்க்கப் போகிறேன்.

மேலகரம் | 15 ஜூலை, இரவு 8.50

குற்றாலத்தில் சிறிய விடுதி ஒன்று நடத்துகிறோம், எட்டு அறை. திங்கள் முதல் வியாழன் வரை மாலை நான்கு மணிக்கு மேல் அறை காலியாக இருந்தால் கேட்ட வாடகைக்குக் கொடுத்துவிடுவோம். பூட்டிய அறையால் எங்களுக்கு என்ன பயன்? சனிக்கிழமை அது நடக்காது. வாசலில் வந்து நிற்கிற குடும்பங்களைத் திருப்பி அனுப்பியிருக்கிறோம், கைக்குழந்தையோடு வந்தவர்களையும். அவர்கள் காரிலேயே இரவைக் கழித்ததை மறுநாள் பார்த்தபோது மனம் கேட்கவில்லை. சாரல்நேசன், உங்கள் பதிவைப் படித்துவிட்டு யாராவது சனிக்கிழமை கிளம்பிவிடக் கூடாது. முதல் பதிவிலேயே "வார நாளில் மட்டும்" என்று சேர்த்துவிடுங்கள்.

தண்ணீர் இல்லாவிட்டால் வேறு தேதிக்கு மாற்றிக்கொள்ள விடும் விடுதிகளும் இங்கே உண்டு. முன்பணம் கட்டும் முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் மாற்றிக் கொடுக்கிறோம்.

சாரல்நேசன் | 15 ஜூலை, இரவு 9.35

சேர்த்துவிடுகிறேன். கலா அம்மா, அந்தச் சொல்லையும் எடுத்துவிடுகிறேன், மன்னியுங்கள். என் செலவைப் பற்றி எழுதியதை எல்லார் தலையிலும் வைத்துவிட்டேன். ஆனாலும் நாள் கையில் இருப்பவர்கள் மே மாதமே பணத்தைக் கட்டத் தேவையில்லை என்பதில் எனக்கு மாற்றமில்லை.

தாம்பரம் கலா | 15 ஜூலை, இரவு 10.05

நன்றி. மேலகரம் ஐயா, ஆகஸ்ட் 15 வெள்ளிக்கிழமை வருகிறது. பொதிகையில் டிக்கெட் திறந்த அன்றே ஐந்து படுக்கை எடுத்துவிட்டேன், மாமியாருக்குக் கீழ்ப் படுக்கை. அறை இன்னும் முடிவாகவில்லை. தேதி மாற்றும் வசதியோடு உங்களிடம் இரண்டு அறை கிடைக்குமா?

மேலகரம் | 15 ஜூலை, இரவு 10.20

கிடைக்கும் அம்மா. தரைத்தளத்தில் தருகிறோம், படி ஏற வேண்டாம். ஆகஸ்ட் 12 காலையில் தண்ணீர் நிலவரத்தை அருவியைப் பார்த்துவிட்டே சொல்கிறேன். 48 மணி நேரக் கெடுவுக்குள் ரயிலை ரத்து செய்வதா வேண்டாமா என்று நீங்கள் முடிவெடுக்கலாம். மற்றவர்களுக்கு ஒன்று: வரும் 24 வியாழன், ஆடி அமாவாசை. வார நாள்தானே என்று அன்றைக்குக் கிளம்பிவிடாதீர்கள், தர்ப்பணம் கொடுக்க வரும் கூட்டத்தில் அருவிக்கரையில் நிற்கவும் இடம் இருக்காது.