ஐவிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம்? (வெள்ளிக்கிழமை அச்சு)

ஒசூரிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். இங்கே ஒரு நாற்றுப்பண்ணைக்காகத் தொட்டியோடு சேர்த்துக் கொடுக்கும் வளர்ப்புக் குறிப்புச் சீட்டுகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். மற்றச் செடிகள் முடிந்துவிட்டன, ஐவியில் வந்து நின்றுவிட்டேன். 1753-இல் லின்னேயஸ் ஹெடெரா ஹீலிக்ஸ் என்று பெயரிட்ட கொடிதான், பிறந்த மண் ஐரோப்பாவும் மேற்கு ஆசியாவும். வாங்குகிறவர்கள் இதை ஏதோ ஒரு வகை மணிபிளான்ட் என்று நினைத்துக்கொண்டு போகிறார்கள். டிவிக்குப் பக்கத்தில் இருட்டு மூலையில் வைத்து, தினம் தண்ணீர் ஊற்றி, வேர் அழுகிப் போனதும் வந்து கேட்கிறார்கள். மணிபிளான்ட் இருட்டையும் வெக்கையையும் தாங்கும், இது தாங்காது. 10 முதல் 21 டிகிரி வரை குளிர்ச்சி இருந்தால் நன்றாக வரும், வெளிச்சம் நிறைய வேண்டும், மேல்மண் காய்ந்த பிறகுதான் தண்ணீர். இது வேறு செடி என்று பெயரைப் பார்த்ததுமே தெரிய வேண்டும், அதற்கு ஒரு சொல் தாருங்கள். இன்னொன்று, 'இண்டைரக்ட் லைட்' என்பதற்கு மறைமுக வெளிச்சம் என்று போட்டேன், படித்தால் மறைமுக வரி, மறைமுகத் தேர்தல் என்றே மனம் போகிறது.

தருமபுரியிலிருந்து, ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

பற்றுக்கொடி. இதற்கு மேல் தேட வேண்டியதில்லை. அவரை போல் தண்டைச் சுற்றி ஏறுவதில்லை, பாகல் போல் பற்றுக்கம்பி நீட்டுவதும் இல்லை. தண்டிலிருந்து சின்னச் சின்ன வேர்கள் விட்டுச் சுவரைப் பற்றிக்கொண்டு ஏறுகிறது. மிளகுக்கும் வெற்றிலைக்கும் பள்ளிப் பாடத்திலேயே 'பற்றுவேர்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். ஹெடெரா என்ற லத்தீன் சொல்லுக்கும் 'பற்று' என்ற பொருள் தரும் வேரே மூலம் என்று ஒரு கருத்து உண்டு. ஹீலிக்ஸ் என்றால் சுருள், அதுதான் பொருந்தவில்லை, ஏனென்றால் இந்தக் கொடி சுருண்டு ஏறுவதே இல்லை. ஆக, லின்னேயஸ் வைத்த பெயரைவிட நம் பெயர் சரியாக இருக்கும்.

காவேரிப்பட்டணத்திலிருந்து

ஐயா, சொல் அருமை, ஆனால் 'க்' எங்கிருந்து வந்தது? பற்றிய கொடி, பற்றுகின்ற கொடி, பற்றும் கொடி என்று முக்காலத்துக்கும் விரிகிறதே, அப்படியானால் வினைத்தொகை. வினைத்தொகையில் வல்லினம் மிகாது. ஊறுகாய், சுடுசோறு போலப் பற்றுகொடி என்றுதான் வர வேண்டும்.

தருமபுரி ஆசிரியர்

பற்று இங்கே பெயர்ச்சொல், தம்பி. "பற்றுக பற்றற்றான் பற்றினை" என்ற குறளில் 'பற்றினை' என்று வேற்றுமை உருபு ஏற்று நிற்கிறதே, அந்தப் பற்று. பற்றை உடைய கொடி. வன்தொடர்க் குற்றியலுகரத்தின் பின் வல்லினம் மிகும், ஒற்றை எடுத்தால்தான் பிழை.

காவேரிப்பட்டணம்

அந்தக் குறளில் வரும் பற்று மனப்பற்று ஐயா. செடிக்கு ஏது அது? இது பற்றும் செயல்தான், வினைதான். அப்புறம் வங்கிக்குப் போய்வந்தவருக்குப் பற்று என்றால் பற்றுவரவுதான் நினைவுக்கு வரும்.

கிருஷ்ணகிரியிலிருந்து, தாவரவியல் கற்பிப்பவர்

இலையைப் பார்த்தால் எனக்கு முதலில் தோன்றியது ஐவிரலி. மூன்று முதல் ஐந்து மடல், விரித்த கை மாதிரி, 'ஐவி'யும் உள்ளேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பெயரில் நம் வேலிகளில் ஏற்கனவே ஒரு கோவை இனக் கொடி இருக்கிறது, ஆகவே எடுக்கக் கூடாது. மேலும் முதிர்ந்து பூக்கிற கிளையில் மடலே இல்லாத இலைதான் வரும். வீட்டுத் தொட்டியில் பெரும்பாலும் இளம்பருவ இலையோடே நின்றுவிடுவதால் நாம் அதைப் பார்ப்பதில்லை.

ஐவி என்றே எழுதினால் துல்லியம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு செய்தி. ஆங்கிலத்திலேயே அந்தச் சொல் ஒழுங்காக இல்லை. பாஸ்டன் ஐவி திராட்சைக் குடும்பம், பாய்சன் ஐவி நம் மாங்காயின் குடும்பம், நாம் பொரியல் செய்கிற கோவைக்காய்க்கு அவர்கள் வைத்த பெயர் ஐவி கார்ட். உண்மையான ஐவிக்கு நம் ஊர் வாசல்களில் உறவு தேடினால் குடைச்செடி என்று விற்கும் ஷெஃப்லெராதான், இரண்டும் அராலியேசி. மணிபிளான்ட்டோ சேம்புக் குடும்பம். ஒசூர் நண்பரின் கவலை நியாயமானது, இரண்டுக்கும் கொடி என்பதைத் தவிர ஒட்டே கிடையாது.

தேன்கனிக்கோட்டையிலிருந்து

இந்தப் பக்கத்துப் பண்ணைகளில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்துதான் வேலை நடக்கிறது, அதையும் கணக்கில் எடுங்கள். கொடிக்குக் கன்னடத்தில் பள்ளி என்பார்கள், நம் வள்ளியேதான், வகரம் அங்கே பகரமாக ஒலிக்கிறது. தெலுங்குக்காரர் காதில் அது பல்லி என்று விழும், அவர்களுக்கும் பல்லி பல்லிதான். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறுவதால் பல்லிக்கொடி என்றே வைத்தால் மூன்று மொழிக்காரருக்கும் விளங்கும். வள் என்ற வேருக்கு வளைதல் என்று பொருள், வளை, வளையம், வள்ளம் எல்லாம் அதிலிருந்து...

கிருஷ்ணகிரி

"மொழிப்பொருட் காரணம் விழிப்பத் தோன்றா" என்று தொல்காப்பியரே சொல்லிவிட்டார், வேர் தேடுவதை இத்தோடு நிறுத்தலாமா? பல்லி என்று எழுதிய தொட்டியை யார் வரவேற்பறையில் வைப்பார்கள்? இன்னொருவர் தனிமடலில் சுவரொட்டி என்றார். அது சுவரில் ஒட்டும் விளம்பரம், கறிக்கடையில் மண்ணீரல். சுவர்க்கொடி என்றால் மதிலெல்லாம் அப்பிக்கிடக்கும் அத்தி இனக் கொடியோடு குழம்பும்.

தருமபுரியிலிருந்து, வீட்டில் ஐவி வளர்ப்பவர்

நான்கு நாளாக ஒற்று மிகுமா மிகாதா என்று படித்துக்கொண்டிருக்கிறேன். சீட்டில் என்ன எழுதப் போகிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஒசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அங்கே இந்தச் செடி சிரித்துக்கொண்டு நிற்கும். தொப்பூர் கணவாய்ப் பக்கம் நாங்கள் வாங்கிவந்தால் சித்திரையில் 35 டிகிரியைத் தாண்டும் வெக்கையில் முதலில் வருவது சிவப்புச் சிலந்தி. இலைக்கு அடியில் மெல்லிய நூலாம்படை, மேலே பொடிப்பொடியாய் வெளுத்த புள்ளி. வாரம் ஒருமுறை தொட்டியைக் குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கம் நன்றாகத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் பெரும்பாலும் அடங்கும். இதைப் போடுங்கள். நாய், பூனை தின்றால் உடம்புக்கு ஆகாது, நறுக்கும்போது சாறு பட்டால் சிலருக்குத் தோல் அரிக்கும், அதையும் போடுங்கள். வெள்ளைக் கோடு உள்ள வகை வெளிச்சம் குறைந்தால் முழுப் பச்சையாகிவிடும் என்பதையும். பெயர் ஐவி என்றே இருக்கட்டும், கடைக்காரரிடம் போய்ப் பற்றுக்கொடி கேட்டால் அவர் எதைக் கொடுப்பார்?

தருமபுரி ஆசிரியர்

கேட்கக் கேட்கத்தான் அம்மா கொடுப்பார். கணினி என்று முதலில் சொன்னபோதும் இதே கேள்விதான் வந்தது. இன்று கேட்காமல் விட்டால் நாளைக்கும் ஐவிதான்.

ஒசூரிலிருந்து, வியாழன் இரவு

மிக்க நன்றி. யார் எந்தப் பெயருக்கு என்று எண்ணிப் பார்த்ததில் ஐவிக்குத்தான் ஆதரவு சற்றே கூடுதல், அதிலும் பாதிப்பேர் இனி அதை மாற்ற முடியாது என்று ஒப்புக்கொண்டவர்கள். பெரிய எழுத்தில் 'ஐவிக்கொடி', கீழே சிறிய எழுத்தில் 'பற்றுக்கொடி' என்று போடுகிறேன். ஐவிக்கொடி இருபெயரொட்டு, மல்லிகைப்பூ மாதிரி, அங்கே ஒற்றில் சண்டை இல்லை. வெளிச்சத்துக்குச் சொல் உருவாக்கவே இல்லை, 'வெயில் படாத, நல்ல வெளிச்சமான ஜன்னலோரம்' என்று எழுதிவிட்டேன். சிலந்தியும் பூனையும் அரிப்பும் முதல் பக்கத்துக்கே வந்துவிட்டன, சீட்டு கொஞ்சம் நீண்டுவிட்டது, பரவாயில்லை.

தருமபுரி ஆசிரியர்

பெரிய எழுத்தில் பற்றுக்கொடி, சிறிய எழுத்தில் ஐவி என்று இருந்திருக்க வேண்டும். என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். அடுத்த அச்சு எப்போது?

காவேரிப்பட்டணம்

பற்றுகொடி.