ஆர்பிட்ரேட்டரை எதிர்த்தரப்பே நியமிக்கலாமா?

கேள்வி: கோவையில் ஒரு குடியிருப்பு கட்டிக் கொடுத்தாச்சு, ஃபைனல் பில் மட்டும் நிற்கிறது. தகராறு வந்தால் வேலை கொடுத்த கம்பெனியின் எம்.டி.யே ஆர்பிட்ரேட்டரை (கோர்ட்டுக்கு வெளியே தீர்ப்பு சொல்லும் நடுவரை) நியமிப்பார் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஒத்துக்கணுமா? எங்கள் சைட் இன்ஜினியரே வாதாடினால் போதாதா?

பதில் 1: ஒத்துக்க வேண்டாம். முடிவில் ஆதாயம் உள்ளவர் தன்னிச்சையாக ஒற்றை நடுவரை நியமிக்க முடியாது என்று 2019-லேயே பெர்கின்ஸ் ஈஸ்ட்மன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதலில் ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 21-ஆம் பிரிவில் தகராறை நடுவரிடம் கொண்டுபோகக் கேட்டு நோட்டீஸ், 30 நாளில் அவர்கள் இறங்கி வராவிட்டால் 11-ஆம் பிரிவில் நடுவரை நியமிக்கக் கேட்டு உயர் நீதிமன்றம்.

பதில் 2: இன்ஜினியர்தான் உங்கள் முக்கிய சாட்சி, அவரையே வாதாட விட்டால் குறுக்கு விசாரணையில் கிழித்துவிடுவார்கள். கட்டுமான வழக்கு பார்த்த வக்கீலைப் பிடியுங்கள். அளவுப் புத்தகத்தில் (முடித்த வேலையின் அளவுகளைக் குறிக்கும் பதிவேட்டில்) இரு தரப்புக் கையெழுத்தும் இருக்கா?

கேட்டவர்: கடைசி பில்லுக்கான பக்கங்களில் மட்டும் அவர்கள் கையெழுத்து இல்லை.

பதில் 2: சரி, அந்தத் தேதி மெயில், வாட்ஸ்அப், சைட் போட்டோ எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள். அப்புறம், ‘இனி பாக்கி இல்லை’ என்று எதிலும் கையெழுத்துப் போட்டுடாதீங்க.