இடுப்பு மூட்டு மாற்று ஆபரேஷன்: ‘அப்ரோச்’சுக்கு ‘தடம்’னு வைக்கலாமே

வணக்கம். ஆபரேஷன்ல எந்தப் பக்கமா மூட்டுக்குள்ள போறாங்கங்கறத இங்கிலீஷ்ல ‘அப்ரோச்’ம்பாங்க. நம்ம தமிழ் மருத்துவச் சொல் பட்டியல்ல அதுக்கு ‘அணுகுமுறை’யே போதும்னு ஐயா எழுதியிருந்தீங்க, எனக்கு அது சரிப்படல. அணுகுமுறைன்னா ஒருத்தர் ஒரு விஷயத்த எப்படி கையாளுறாருங்கறது. இங்க பேச்சே கத்தி எந்தப் பக்கமா உள்ள போகுது, எந்தத் தசைய அறுக்குது, எத ஒதுக்கிவிடுதுங்கறதுதான். எப்படிப் போனாலும் உள்ள வைக்கிறது அதே பந்து, அதே கிண்ணம். அதனால முன்தடம், பக்கத்தடம், பின்தடம். பஸ் வழித்தடம் தெரியாத ஆளு நம்ம தர்மபுரி பக்கம் யாரு இருக்கா.

பின்தடத்துல புட்டத்துப் பெரிய தசைய நார்வாக்குல பிரிச்சு, மூட்டுக்குப் பின்னாடி இருக்கிற சின்னச் சின்ன சுழற்றுத் தசைகள அறுத்து உள்ள போறாங்க, முடிஞ்சதும் திரும்ப தச்சிடுவாங்க, இருந்தாலும் கால ரொம்ப மடக்கி உள்பக்கமா திருப்பினா பந்து பின்னால நழுவிடுமோங்கற பயம் கொஞ்ச நாளைக்கு இருக்கும். பக்கத்தடம் 1982ல ஹார்டிஞ்ச் எழுதினது, அதுல நடுப்புட்டத் தசையோட முன்பகுதிய எலும்புல இருந்து பிரிச்சுவிடுறதால சிலர் ஆபரேஷனுக்கு அப்புறம் சாஞ்சு சாஞ்சு நடப்பாங்க, அது எல்லாருக்கும் சரியாயிடும்னு சொல்ல முடியாது. முன்தடம் தசைகளுக்கு நடுவுல புகுந்து போறது. மொத சில வாரம் நடை சீக்கிரம் வரும், சில மாசம் போனா மத்ததுக்கும் இதுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது, ஆனா தொடை வெளிப்பக்கம் மரத்துப்போறது இதுலதான் அதிகம், டாக்டருக்கு கை பழகவும் நாளாகும்.

நான் பிசியோதெரபி பாக்கிறவன். பாப்பாரப்பட்டி பக்கத்துல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, புளி தட்டுறதுதான் பொழப்பு, நாளெல்லாம் தரையில குந்தி. டிஸ்சார்ஜ் சீட்ட நீட்டி, அதுல ‘போஸ்டீரியர்’னு இருந்த எடத்துல வெரல வச்சு, “இது என்ன மாத்திர தம்பி, மெடிக்கல்ல குடுக்கவே இல்லையே”ன்னாங்க. அங்க ‘பின்தடம்’னு தமிழ்ல இருந்திருந்தா, ஏன் குந்தக்கூடாது, ஏன் சம்மணம் போடக்கூடாதுன்னு பாதி அவங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

‘பின்வழி’ன்னு சேலத்து நண்பர் சொன்னது சுருக்கமாத்தான் இருக்கு, ஆனா நோயாளி காதுல அது ஆசனவாய் வழியான்னுதான் விழும், எனிமா நெனப்புதான் வரும். தடம்னா தழும்புன்னு எடுத்துக்குவாங்களேங்கறது நியாயமான கேள்வி. தழும்புக்கு தழும்புன்னே எல்லார் வாயிலயும் சொல் இருக்கு, அதனால குழப்பம் வராதுன்னு நெனைக்கிறேன்.

முட்டி, தோள்பட்ட ஆபரேஷனுக்கும் இதே சொல் ஓடும். மறுப்பு இருந்தா எழுதுங்க, இல்லன்னா பட்டியல்ல ஏத்திடலாம். அடுத்து, பந்து கிண்ணத்த விட்டு வெளிய வர்ற டிஸ்லொகேஷனுக்கு ‘விலகல்’ஆ ‘நழுவல்’ஆன்னு பாக்கணும், என் ஓட்டு நழுவலுக்கு.