ட்விட்டரில் வேலை தப்பியவர்களும் விலகியது ஏன்?

கேள்வி:
2022 அக்டோபர் இறுதியில் ஈலான் மஸ்க் ட்விட்டரை வாங்கிய சில நாட்களிலேயே, ஏறத்தாழ 7,500 ஊழியர்களில் பாதிப்பேர் நீக்கப்பட்டனர். ஆனால் வேலை தப்பியவர்களிலும் நூற்றுக்கணக்கானோர் இரண்டு வாரங்களுக்குள் தாங்களாகவே விலகினார்களே, அது ஏன்? மனிதவளத் துறையில் இருப்பவர்கள் விளக்குங்கள்.

பதில் 1:
நவம்பர் 16 அன்று வந்த மின்னஞ்சலே முதன்மைக் காரணம் என்பேன். நீண்ட நேரம் கடுமையாக உழைக்கச் சம்மதிப்பவர்கள் மறுநாள் மாலை 5 மணிக்குள் ஓர் இணைப்பை அழுத்தி ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வாறு செய்யாதவர்கள் மூன்று மாத ஊதியத்துடன் விலக்கப்படுவார்கள் என்றது அது. வழக்கமாக, மனம் கசந்த ஊழியரும் முடிவெடுக்கத் தயங்கி மாதக்கணக்கில் நாற்காலியிலேயே இருப்பார். இங்கோ, பேசாமல் இருப்பதே விலகலாகக் கொள்ளப்பட்டது; போதாததற்கு, போகிறவருக்குப் பணமும் கிடைத்தது. வேறிடத்தில் எளிதில் வேலை கிடைக்கக்கூடிய திறமைசாலிகளே முதலில் கிளம்புவார்கள் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

பதில் 2:
மின்னஞ்சலை மட்டும் குறைசொல்வதை நான் ஏற்கவில்லை. வீட்டிலிருந்தே நிரந்தரமாகப் பணியாற்றலாம் என்று 2020 மே மாதத்தில் அந்நிறுவனமே அறிவித்திருந்தது. அதை நம்பி வாழ்க்கையைத் திட்டமிட்டவர்களிடம், வாரம் 40 மணிநேரம் அலுவலகத்தில் இருக்கவேண்டும் என்று திடீரெனச் சொன்னால் நம்பிக்கை எப்படி நிலைக்கும்? மேலும், எஞ்சியவர்கள் எல்லோரும் உற்சாகத்தோடு இருந்தார்கள் என்றும் எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் வெளிநாட்டவர் வேலை செய்வதற்கான எச்-1பி விசாவில் இருப்பவர் வேலையை விட்டால், பொதுவாக 60 நாட்களுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளவோ நாட்டைவிட்டு வெளியேறவோ வேண்டும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. விசா நிலையை நான் கணக்கில் எடுக்கவே இல்லை.