ரொறன்ரோவில் இலையுதிர் காலம்: பஸ் போகிற தூரத்தில் என்ன கண்டீர்கள்?

பஸ்காரி

ஒக்டோபர் பிறந்தால் நம்மவர்களின் வட்சப் குழுக்களில் ஒரே கேள்விதான். இந்த முறை இலைகளின் நிறம் பார்க்க எங்கே போகிறீர்கள்? பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: அல்கோன்குயின். மூன்று மணி நேரம் கார் ஓடி, சோற்றுப் பார்சலை வாகன நெரிசலுக்குள்ளேயே பிரித்துச் சாப்பிட்டு, படம் எடுத்து, இருட்டில் திரும்புவது. அந்தக் காடு வடிவானது, மறுக்கவில்லை. ஆனால் அது வடக்கே இருப்பதால் அங்கே மேப்பிள் மரங்கள் செப்டெம்பர் கடைசியிலேயே சிவந்து, நமக்கு விடுமுறை கிடைக்கும் நேரத்தில் பாதி உதிர்ந்துவிடும். ரொறன்ரோவில் அப்போதுதான் ஆட்டமே தொடங்கும். கார் இல்லாதவர்களும், சனிக்கிழமை வேலைக்குப் போகிறவர்களும், முழங்கால் வலியோடு இருக்கும் அம்மம்மாக்களும் இந்த நகரத்தில் ஏராளம். அவர்களுக்காகவே இந்த இழை. நிபந்தனை ஒன்றுதான்: பஸ், சப்வே, ஸ்ட்ரீட்கார் ஏதாவது ஒன்றில் போய்வரக்கூடிய இடமாக இருக்க வேண்டும். யாரைக் கண்டீர்கள், என்ன சாப்பிட்டீர்கள், என்ன உடுத்தினீர்கள் என்று எல்லாம் எழுதுங்கள்.

என் பங்கு ரூஜ். 2015இல் சட்டப்படி அமைந்த, கனடாவின் முதல் தேசிய நகரப் பூங்கா. நுழைவுக் கட்டணம் கிடையாது. கெனடி நிலையத்தில் மிருகக்காட்சிச்சாலைப் பலகை போட்ட 86ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், இறங்கிக் கொஞ்சத் தூரம் நடக்க விஸ்டா நடைபாதை தொடங்கிவிடும். அதில் ஒரு மரத்தளம் இருக்கிறது. அங்கே நின்றால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குக் கீழே விரிந்து கிடக்கும். ஸ்காபரோவில் இருபது வருடம் குடியிருந்துவிட்டு அதை ஒருமுறையும் பார்க்காதவர்களை எனக்குத் தெரியும்.

நான் சொல்ல வந்தது பஸ் ஓட்டுநரைப் பற்றி. கடைசித் தரிப்பில் இறங்கும்போது, "இலை பார்க்கவா?" என்று கேட்டார். ஆம் என்றேன். நாள்தோறும் அதே வீதியில் ஓட்டுகிற மனிதர் அல்லவா, மரங்களின் வரிசை அவருக்கு மனப்பாடம். வீதியோரத்துச் சுமாக் செடிகள் முதலில் சிவக்கும், பிறகு மேப்பிள், ஓக் மரங்கள் எல்லோரும் போன பிறகுதான் அசையும், நவம்பரிலும் செம்பு நிறத்தில் நிற்கும் என்றார். "இன்று பாதிதான். பகலில் வெயிலும் இரவில் குளிரும் இப்படியே இருந்தால் அடுத்த கிழமை வா. உறைபனி விழுந்துவிட்டால் வராதே." அவர் சொன்னது விஞ்ஞானமும்கூட. இலையில் பச்சையம் குறையும்போது மஞ்சள் தானாகவே வெளியே தெரியும், அது முன்பே உள்ளே இருந்ததுதான். சிவப்பு அப்படியல்ல. மரம் அதைப் புதிதாகச் செய்ய வேண்டும், அதற்குச் சர்க்கரை வேண்டும், சர்க்கரைக்கு வெயில் வேண்டும். அடுத்த கிழமை போனேன். ஓட்டுநர் வேறு ஆள், ஆனால் நிறம் அவர் சொன்ன மாதிரியே இருந்தது.

குருநகர் மகன்

என் அப்பா பார்வையாளர் விசாவில் வந்து எங்களோடு நின்றபோது நடந்தது. கடலில் வளர்ந்தவர். இலை பார்க்கப் போவோம் என்றால், "இலையில் என்ன பார்க்கக் கிடக்கிறது?" என்பார். மீன் பார்க்கப் போவோம் என்றேன். உடனே சப்பாத்தைப் போட்டுக்கொண்டார்.

ஓல்ட் மில் சப்வேயில் இறங்கினால் ஹம்பர் ஆறு பக்கத்திலேயே ஓடுகிறது. கரையோரமாக மேலே நடந்தால் சிறு அணைகள் வரும். செப்டெம்பரிலிருந்து ஒக்டோபர் நடுப்பகுதி வரை ஒன்ராறியோ ஏரியிலிருந்து சினூக் சமன் மீன்கள் முட்டையிட இந்த ஆற்றில் ஏறுகின்றன. மழை பெய்து தண்ணீர் கூடிய மறுநாள் போனால் நல்ல காட்சி. கை நீளத்தையும் தாண்டிய மீன் அணைக்குக் கீழே சுற்றிச் சுற்றி வந்து, திடீரென்று எம்பும், சுவரில் அடிபட்டு விழும், மறுபடி எம்பும். கரையில் நிற்கும் பிள்ளைகள் ஒவ்வொரு முறையும் கூச்சல் போடுவார்கள்.

அப்பா கனநேரம் பேசவில்லை. பிறகு, "இது சாப்பிடுகிற மீன் இல்லை. சதை தளர்ந்துவிட்டது, தோலைப் பார்" என்றார். சரிதான். ஆற்றில் ஏறத் தொடங்கியதும் இந்த மீன்கள் இரை எடுப்பதில்லை, உடலில் உள்ளதைச் செலவழித்தே மேலே போய் முட்டையிட்டுச் சாகின்றன. யாரும் சொல்லிக் கொடுக்காமல் தூர நின்று அவர் கண்டுபிடித்ததுதான் எனக்கு ஆச்சரியம். இவை இந்த ஏரிக்குச் சொந்தமான மீன்களும் அல்ல. இங்கே இருந்த அத்திலாந்திக் சமன் 19ஆம் நூற்றாண்டின் முடிவுக்குள் அழிந்துபோக, சினூக்கைப் பசிபிக் பக்கத்திலிருந்து பிற்பாடு கொண்டுவந்து விட்டார்கள். அப்பாவிடம் இதைச் சொன்னேன். "அப்ப இவர்களும் நம்மைப் போல வந்தவர்கள்தான்" என்று சிரித்தார்.

பக்கத்தில் மடக்கு நாற்காலியோடு ஒரு வெள்ளைக்காரப் பெரியவர் இருந்தார். அப்பாவுக்கு ஆங்கிலம் வராது, அவருக்குத் தமிழ் வராது, நான் நடுவில். இந்த ஆறு இவ்வளவு சாதுவாக இருக்கிறதே என்று அப்பா கேட்க, அவர் தலையை ஆட்டினார். 1954 ஒக்டோபர் 15 இரவு ஹேசல் புயல் வந்தபோது தான் சிறு பையன் என்றார். அந்த இரவில் ஹம்பர் பெருகி, ரேமோர் டிரைவ் என்ற தெருவின் ஒரு பகுதியையே வீடுகளோடு அடித்துப் போனது. அங்கே மட்டும் 35 பேர், மாகாணத்தில் மொத்தம் 81 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் ஆற்றுப் பள்ளங்களில் வீடு கட்டக்கூடாது என்று முடிவெடுத்து, நிலங்களை வாங்கிப் பூங்காக்களாக விட்டார்கள். நாம் இன்று இலை பார்க்க நடக்கும் பள்ளத்தாக்குகளில் பலவும் அப்படி மிஞ்சியவை. இதை மொழிபெயர்த்து முடித்ததும் அப்பா எழுந்து போய் அவர் கையைப் பிடித்தார். 2004 சுனாமி பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார், முடிக்கவில்லை. அந்தப் பெரியவரும் கேட்கவில்லை. மூவரும் இன்னும் கொஞ்ச நேரம் மீன் பார்த்தோம்.

ஸ்காபரோக்காரர்களுக்கு: அவ்வளவு தூரம் போக வேண்டாம். மோர்னிங்சைட் பூங்காவில் ஹைலண்ட் கிரீக்கிலும் இதே மீன் ஏறும்.

கோவைப் பெண்

நான் டொராண்டோவுக்குப் படிக்க வந்தவள். இயற்கையைப் பற்றி மற்றவர்கள் எழுதட்டும், நான் உடையைப் பற்றி எழுதுகிறேன். நவராத்திரி இங்கே இலையுதிர் காலத்தில் வருகிறது என்பதை எந்த வழிகாட்டியும் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்வதில்லை. காலையில் எட்டு டிகிரி, மத்தியானம் பதினேழு, கொலு வீட்டுக்குள் சுண்டல் வேகிற சூடு, திரும்பி வரும்போது ஏரிக்காற்று. இதையெல்லாம் ஒரே புடவையில் சமாளிக்க வேண்டும்.

இங்குள்ள அக்காக்களிடம் கற்றது: பருத்தி வேண்டாம், காற்று உள்ளே புகுந்துவிடும். பட்டு நன்றாகச் சூடு காக்கும். ரவிக்கைக்குப் பதில் முழுக்கை கம்பளிச் சட்டை, பாவாடைக்குள் தெர்மல், காலில் கணுக்கால் பூட்ஸ். நீளமான கோட் வேண்டாம், கொசுவத்தைக் கசக்கிவிடும், இடுப்போடு நிற்கும் ஜாக்கெட்தான் சரி. கென்சிங்டன் மார்க்கெட்டின் பழைய துணிக்கடைகளில் நல்ல கம்பளி ஜாக்கெட்டுகள் கிடைக்கும், 510 ஸ்ட்ரீட்காரில் போகலாம். நான் அரக்கு நிறத்தில் ஒன்று எடுத்தேன். மாம்பழ மஞ்சள் பட்டோடு அதைப் போட்டுக்கொண்டு கிளம்பியபோது, தெருவில் நின்ற மரங்கள் என்னைப் பார்த்து உடுத்தியிருக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். அடக்கம் எனக்குக் கொஞ்சம் குறைவு.

சப்வேயில் எதிரே ஒரு ஜமைக்காப் பாட்டி, பெரிய இறகுத் தொப்பியோடு. தேவாலயத்திலிருந்து திரும்புகிறாராம். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு எத்தனை கெஜம் என்று கேட்டார். ஆறு என்றேன். "அதில் நான் மூன்று பேருக்குத் தைப்பேன்" என்றார். பிறகு தன் கைப்பையைத் திறந்து இரண்டு ஊக்குகளை எடுத்து, எஸ்கலேட்டரில் ஓரம் மாட்டாமல் கரையை எப்படி உள்ளே மடித்துக் குத்துவது என்று அங்கேயே குனிந்து காட்டினார். நாற்பது வருடம் தையல் வேலை பார்த்தவராம். இறங்கும்போது அவருடைய தொப்பியைப் பாராட்டினேன். "எனக்குத் தெரியும்" என்றார்.

ஒரு கேள்வி: எங்கள் தெருவில் எல்லா மேப்பிளும் இன்னும் பச்சையாக, கறுப்புப் புள்ளிகளோடு நிற்கின்றனவே, ஏன்?

பஸ்காரி

அவை நோர்வே மேப்பிள், தங்கையே. நகரத் தூசையும் உப்பையும் தாங்கும் என்று முன்பு தெருக்களில் நட்டவை. கடைசிவரை பச்சையாக நின்று பிறகு மஞ்சளாகும். அந்தக் கறுப்புப் புள்ளி ஒரு பூஞ்சணம், மரத்துக்குப் பெரிய கேடு இல்லை. சிவப்பு வேண்டுமானால் சுகர் மேப்பிளும் ரெட் மேப்பிளும் இருக்கிற இடத்துக்குப் போக வேண்டும்.

யங் தெரு வாசி

அப்படியென்றால் மவுண்ட் பிளஸன்ட் போங்கள். டேவிஸ்வில் சப்வேயில் இறங்கி நடக்கலாம். 1876இல் திறந்த இடம், மரங்களில் பலவற்றுக்குப் பெயர்ப்பலகை உண்டு, இந்த நகரத்தின் நல்ல மரத் தோட்டங்களில் ஒன்று. ஒரு சிறிய விடயம்: அது மயானம்.

அம்மாவை அழைத்துப்போனபோது அதைக் கேற்றடியில்தான் சொன்னேன். "சுடலையில் உலாத்துகிற ஊரும் ஒரு ஊரா?" என்று அங்கேயே நின்றுவிட்டார். பிள்ளைவண்டி தள்ளுகிறவர்களும் ஓடுகிறவர்களும் உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் காலை எடுத்து வைத்தார். இலை வாரிக்கொண்டிருந்த ஒரு தொழிலாளியிடம் பாண்டிங்கின் கல்லறை எங்கே என்று கேட்டேன். வாரியைச் சாய்த்து வைத்துவிட்டுக் கூடவே வந்து காட்டினார்.

அம்மாவின் கைப்பையில் எப்போதும் இன்சுலின் பேனா இருக்கும். "இவர்தான் அதைக் கண்டுபிடித்தவர், இந்த நகரத்தில்தான்" என்றேன். 1921 கோடையில் பிரெடரிக் பாண்டிங்கும் மாணவராக இருந்த சார்ல்ஸ் பெஸ்டும் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் நாய்களில் செய்த சோதனையைச் சொன்னேன். 1922 ஜனவரியில், செத்துக்கொண்டிருந்த லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போட்டதையும், மறுவருடம் வந்த நோபல் பரிசையும் சொன்னேன். பெஸ்டும் இதே மயானத்தில்தான் இருக்கிறார். காப்புரிமையை ஆளுக்கு ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்றதும் அம்மா நிமிர்ந்தார்.

"ஒரு டொலருக்கா?"

"ஓம்."

"பிறகு ஏன் கடையில் இந்த விலை?"

அந்தத் தொழிலாளிக்கு மொழிபெயர்த்தேன். அவர் சத்தமாகச் சிரித்துவிட்டு, தன் மனைவிக்கும் அதே நீரிழிவு வருத்தம்தான், அதே கேள்விதான் என்றார். அம்மா கல்லறைக்கு முன்னால் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து நேரே குளிக்கப் போய்விட்டார், அதில் விட்டுக்கொடுப்பு இல்லை. ஆனால் அடுத்த ஒக்டோபரில், "அந்த டொக்டரிடம் போவோமா?" என்று அவர்தான் கேட்டார்.

இரவு ஷிப்ட்

பேக்கரியில் விடியும்வரை வேலை. என் இலையுதிர் காலம் சனிக்கிழமைக் காலைகளில், மற்றவர்கள் எழும்ப முன் நடப்பது. வேலை முடிந்து நேரே செயின்ட் லோரன்ஸ் மார்க்கெட். 1803இலிருந்து அந்த இடத்தில் சந்தை இருக்கிறது. தோட்டக்காரர்கள் மெக்கின்டோஷ் அப்பிள் கொண்டுவருவார்கள், இந்த மாகாணத்திலேயே பிறந்த இனம், கடித்தால் புளிப்பு முன்னால் வரும். அப்பிள் சைடர் வாங்குங்கள், இங்கே அது மது இல்லை, வடிகட்டாத கலங்கல் சாறு. சூடாக்கி ஒரு துண்டு கறுவா போட்டுக் குடித்தால் இரவு வேலையின் களைப்பு இறங்கிவிடும். பூசணி மணக்கும் கோப்பி என்று ஊரெல்லாம் விற்கிறதே, அதைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை.

பூசணிக்கு வேறு இடம் இருக்கிறது. ஹலோவீன் முடிந்த மறுநாள், நவம்பர் 1 மாலை, நகரத்தின் மேற்கே சொரோரன் பூங்காவுக்குப் போங்கள். அயலவர்கள் தாங்கள் முகம் செதுக்கிய பூசணிகளைக் கொண்டுவந்து பாதையோரம் வரிசையாக அடுக்கி விளக்கேற்றுவார்கள். பார்க்கக் காசு இல்லை. முடிந்ததும் எல்லாம் உரமாகப் போகும். அங்கே ஒரு சிறுமி தன் பூசணியின் பக்கத்தில் காவல் நின்றாள். இதை என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் தாயைக் கேட்டேன். உரம் என்றார். எங்கள் ஊரில் இது கறி என்றேன். உடனே செய்முறை கேட்டுக் கைபேசியில் எழுதிக்கொண்டார். தேங்காய்ப்பால், பச்சை மிளகாய், கறிவேப்பிலை, கடைசியில் கடுகு தாளிப்பு. ஆனால் செதுக்குகிற பூசணியில் செய்ய வேண்டாம், அது தண்ணீர், ருசியே இராது, பட்டர்நட் வாங்குங்கள் என்றேன். சிறுமிக்கு அப்போதுதான் முகம் தெளிந்தது. தன்னுடையதைச் சமைக்கப்போகிறோம் என்று நினைத்திருக்கிறாள்.

கோவைப் பெண்

பேக்கரிக்காரரே, பட்டர் டார்ட் என்கிற இந்த ஊர் இனிப்புப் பலகாரத்தைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே? அதில் உலர்ந்த திராட்சை போட வேண்டுமா, கூடாதா?

இரவு ஷிப்ட்

ஒன்ராறியோவில் இதைக் கேட்டுக் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. போட வேண்டும். போடாததைச் சாப்பிடுகிறவர்களோடும் பழகுவேன், ஆனால் பெட்டியை அவர்கள் பக்கம் நீட்ட மாட்டேன்.